மறுமொழி: பாதுகாப்புத் தொகுதியா, காப்பா?

கோவையிலிருந்து:

ஐயா, நீங்கள் அனுப்பிய வேதியியல் கலைச்சொல் பட்டியலில் இரண்டு சொல் தவிர மற்றதெல்லாம் சரி. முதலில், வினை நடக்கும்போது மூலக்கூறின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக மூடி வைக்கும் அணுத்தொகுதிக்கு (protecting group) நீங்கள் போட்ட 'பாதுகாப்புத் தொகுதி' வேண்டாம். ஆய்வகத்தில் கண்ணாடி, கையுறை எல்லாமே பாதுகாப்புதான், நம் பிள்ளைகளிடம் 'பாதுகாப்பு நீக்கம்' என்றால் கையுறையைக் கழற்றி வைத்துவிடுவார்கள்.

'காப்பு' போதும். அமினோ அமிலத்தில் ஒரு முனை அமீன், மறுமுனை கார்பாக்சில். இரண்டையும் திறந்து விட்டால் எது எதோடு சேரும் என்று கட்டுப்பாடே இருக்காது. அதனால் அமீனை மூடி வைத்து, பிணைப்பு முடிந்த பிறகு திறந்து, அடுத்த அமிலத்தைச் சேர்க்கிறோம். இப்படிக் கோத்த சங்கிலிதான் பெப்டைடு. 1963-இல் அமெரிக்க வேதியியலாளர் மெரிஃபீல்டு இதைப் பிசின் மணிகளின் மேல் செய்து காட்டினார், 1984-இல் நோபல் பரிசு வந்தது. நம்ம பக்கம் மாரியம்மன் நோம்பிக்குக் காப்புக் கட்டி, நோம்பி முடிந்ததும் அவிழ்ப்பது போலத்தான் இதுவும். ஆகவே காப்புக் கட்டல், காப்பு அவிழ்ப்பு. 'அமீனுக்குக் காப்புக் கட்டினேன்' என்று வினையாகவும் சிரமமில்லாமல் வருகிறது.

அப்புறம் இரண்டாவது சொல், ஆர்த்தோகனல் (orthogonal) காப்புக்குச் 'செங்குத்துப் பாதுகாப்பு' போட்டிருக்கிறீர்கள். அது கணக்குப் புத்தகச் சொல், மூலக்கூறில் எதுவும் 90 பாகையில் நிற்கவில்லை. 1977-இல் பரானியும் மெரிஃபீல்டும் சொன்னது, ஒரு காப்பை அவிழ்க்கும் வினைபொருள் மற்றதைத் தொடக்கூடாது, எந்த வரிசையிலும் அவிழ்க்க முடிய வேண்டும் என்பது. அமீனை மூடும் எஃப்மாக் (Fmoc) காப்பு பிப்பெரிடின் என்ற காரத்தில் கழன்றுவிடும், பக்கச் சங்கிலியில் உள்ள டெர்ட்-பியூட்டைல் காப்பு அதற்கு அசையாது, அதை எடுக்க ட்ரைஃபுளூரோ அசிட்டிக் அமிலம் வேண்டும். 'தனித்தவிழ் காப்பு' என்று வைக்கலாம்.

ஈரோட்டிலிருந்து:

காப்பு அவிழ்ப்பு நல்லா இருக்குங்க, எடுத்துக்கலாம். ஆனால் 'தனித்தவிழ்' பெப்டைடோடு நின்றுவிடும். 2022-இல் நோபல் வாங்கிய பெர்டோட்சியின் பயோ-ஆர்த்தோகனல் வேதியியலில் அவிழ்க்க என்ன இருக்கிறது? உயிருள்ள செல்லில் அசைடு, ஆல்கைன் என்ற இரண்டு தொகுதிகள் தமக்குள் வினைபுரிகின்றன, செல்லின் மற்ற வேலைகளைத் தொடுவதில்லை. வழக்கமான செம்பு வினையூக்கி செல்லுக்கு நஞ்சு, அதனால் ஆல்கைனை எட்டு அணு வளையத்தில் வளைத்து அந்த இறுக்கத்திலேயே வினையை நடத்தினார். இரண்டுக்கும் பொதுவாக 'குறுக்கிடா' வைத்தால் என்ன? குறுக்கிடாக் காப்பு, உயிர்க் குறுக்கிடா வேதியியல்.

கோவையிலிருந்து:

'குறுக்கிடா' சம்மதம், தனித்தவிழை விட்டுவிடலாம். ஆனால் 'உயிர்க் குறுக்கிடா' என்றால் உயிர் குறுக்கிடவில்லை என்று படிப்பார்கள். 'உயிரில் குறுக்கிடா வேதியியல்' என்றே எழுதுவோம். எஃப்மாக், அமீனுக்கான இன்னொரு காப்பான பாக் (Boc) இரண்டின் பெயரையும் தமிழாக்கக் கிளம்ப வேண்டாம், புட்டியில் அந்தப் பெயர்தான் ஒட்டியிருக்கிறது.