ஆண்டிபட்டி ஸ்டேஷன்: போர்க்காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்களா?

சக்கம்பட்டிப் பேத்தி கேட்டது:

எங்க அப்பத்தாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. பிறந்தது ஆண்டிபட்டி, வாக்கப்பட்டது பக்கத்திலேயே சக்கம்பட்டி. மதுரை–போடி ரயில் திரும்ப ஓட ஆரம்பித்ததிலிருந்து ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "நான் சின்னப் பிள்ளையா இருக்கையிலேயே ஒருக்கா ரயிலு நின்னுபோச்சு. சண்டைக்கு வேணும்னு தண்டவாளத்தைப் பேத்து ஏத்திட்டுப் போயிட்டாங்க. எனக்குக் கல்யாணம் ஆகுற சமயத்துலதான் மறுபடி போட்டாங்க."

வீட்டில் அப்பா உட்பட யாரும் நம்பவில்லை. 2010 கடைசியில் அகலப் பாதைக்காக மூடியதைத்தான் பழைய காலத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. "பேத்த கம்பியை அந்த ரயிலுலயே ஏத்துனாங்க, ரயிலு பின்னாலேயே போச்சு" என்று கையை ஆட்டிக் காட்டுகிறார். பார்க்காதவர் இப்படிச் சொல்ல முடியுமா?

உண்மையிலேயே பெயர்த்தார்களா? எந்த வருஷம்? எத்தனையோ பாதை இருக்க, எங்க ஊர்ப் பாதையை ஏன் எடுத்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்பத்தா இருக்கும்போதே அப்பாவிடம் காட்ட வேண்டும்.

மீட்டர்கேஜ் மதுரை எழுதியது:

அப்பத்தா சொல்வது முழுக்க உண்மை. அப்பாவிடம் தைரியமாகக் காட்டுங்கள்.

மதுரை–போடிநாயக்கனூர் மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகல) பாதையைத் திறந்தது 1928இல். அப்போது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. மொத்தம் 90 கி.மீ. மதுரையிலிருந்து உசிலம்பட்டி 37, அங்கிருந்து ஆண்டிபட்டி 21, அடுத்து தேனி 17, கடைசியாகப் போடி 15. 1942இல் இரண்டாம் உலகப் போருக்காகத் தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, தெற்கு ரயில்வே உருவாகி (அது 1951), 1954 வாக்கில்தான் போடி வரை திரும்ப ரயில் ஓடியது.

ஏன் இந்தப் பாதை என்றால், இது முட்டுப் பாதை. போடியோடு முடிந்துவிடும், அந்தப் பக்கம் மலை. இதை எடுத்தால் வேறு எந்த ஊருக்குப் போகிற வண்டியும் நிற்காது. போருக்கு இரும்பு வேண்டும், மத்திய கிழக்கில் படைகளுக்குப் பாதை போடத் தண்டவாளம் வேண்டும். இந்தியா முழுக்க இருபதுக்கும் மேற்பட்ட கிளைப் பாதைகளை இந்தக் கணக்கில்தான் தேர்ந்தெடுத்தார்கள். கேரளத்தில் ஷோரனூர்–நிலம்பூர் பாதையும் அப்படிப் போய் 1950களில் திரும்பி வந்தது. திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி குறுகிய பாதையும் மூடப்பட்டது, அது திரும்பவே இல்லை. கிருஷ்ணகிரி நகருக்கு இன்றைக்கும் ரயில் கிடையாது. அதை நினைத்தால் தேனிப் பக்கம் கொடுத்துவைத்தது.

பழைய கீமேன் எழுதியது:

தாயி, அப்பத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. நான் இந்த செக்‌ஷன்ல தண்டவாளத்துல வேலை பாத்தவன். கேங்மேனாச் சேந்து பிறகு கீமேன் ஆனேன். உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவுல கணவாய் இருக்குல்ல, அதுதான் என் பீட், அதாவது நான் தினம் நடந்து பாக்க வேண்டிய தூரம்.

நான் வேலைக்குச் சேந்தப்ப எங்க கேங் மேஸ்திரி 1954ல இந்தப் பாதையைத் திரும்பப் போட்டப்போ மண் சுமந்த ஆள். அவரு சொன்னதைச் சொல்றேன். எடுத்தது தண்டவாளத்தையும் கட்டையையும்தான். மண் கரை, கல்லுல கட்டின சின்னப் பாலங்க, கணவாய்ல பாறையை வெட்டின வெட்டு, ஸ்டேஷன் கட்டடம் எல்லாம் அப்படியே கிடந்துச்சாம். அந்தக் கரை மேலதான் சனங்க சந்தைக்கு நடந்துருக்காங்க. மழைக்காலத்துல மத்த வழி எல்லாம் சேறாகும், ரயில் கரை மட்டும் காஞ்சு கிடக்கும். அதனாலதான் திரும்பப் போடுறப்ப வேலை சுளுவா முடிஞ்சுதுன்னு சொல்வாரு. கரையில வேலிக்கருவையும் கத்தாழையும் வேரோடிக் கிடந்ததை வெட்டி எடுத்ததுதான் பெரிய பாடாம்.

அப்பத்தா சொன்ன ஒரு விஷயம் என்னை உலுக்கிருச்சு. "ரயிலு பின்னாலேயே போச்சு"ன்னாங்க பாருங்க, அதான் முறை. முட்டுப் பாதையைப் பேக்கணும்னா போடி முனையில இருந்துதான் ஆரம்பிக்கணும். பேத்த கம்பியை ஏத்த வண்டி வேணும், வண்டி நிக்கக் கம்பி வேணும். அப்ப வண்டி மதுரைப் பக்கமா நகர்ந்துக்கிட்டே வரும், அதுக்குப் போடிப் பக்கம் இருக்கற கம்பி கழண்டுக்கிட்டே வரும். கடைசியா நின்ன கம்பி மதுரைப் பக்கத்துக் கம்பியாத்தான் இருக்கும். எட்டு வயசுப் பிள்ளை நின்னு பாக்காம இது தெரியாது தாயி. அப்பாகிட்ட இதைச் சொல்லுங்க.

ஸ்டேஷன் பக்கம் போனா இன்னொண்ணு பாருங்க. பழைய ரயில் துண்டுகளை வேலிக் காலாவும் கேட் தூணாவும் நட்டிருப்பாங்க. அதோட பக்கவாட்டுல, நடு இடுப்புல, உருக்கின கம்பெனி பேரும் வருஷமும் புடைப்பெழுத்துல இருக்கும். பெயிண்டைச் சுரண்டினாத் தெரியும். என் பீட்டுல ஒரே நேர்ப்பாதையில வெவ்வேறு வருஷத்துக் கம்பியைப் பாத்துருக்கேன். எங்கெங்கயோ தேஞ்ச கம்பி இங்க வந்து சேந்துருக்குன்னு மேஸ்திரி காட்டுவாரு.

கீமேன்னா என்ன வேலைன்னு இப்ப உள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால சொல்றேன். காலையில தோள்ல சுத்தியல், ஸ்பானர், செவப்புக் கொடி, பச்சைக் கொடி, டெட்டனேட்டர் வெடி எல்லாம் எடுத்துக்கிட்டு பீட் முழுக்க நடக்கணும். அப்ப இங்க வார்ப்பிரும்பு ஸ்லீப்பர். கம்பியை அதுல இறுக்கிப் பிடிக்கிறது அடிச்சு ஏத்தின இரும்புக் கீ. வண்டி போகப் போக அதிர்ச்சியில கீ தளரும். சுத்தியலால தட்டினா நல்ல கீ கணீர்னு சத்தம் கொடுக்கும், தளர்ந்தது மொட்டைச் சத்தம் போடும். சித்திரை வெயில்ல கம்பி நீண்டு, ரெண்டு கம்பியை இணைக்கற ஃபிஷ் பிளேட் இடத்துல விட்ட இடைவெளி அடைபடும், அப்ப ரெண்டு மடங்கு கவனம். ஐப்பசி, கார்த்திகையில கணவாய் வெட்டுல பாறைத் துண்டு உருண்டு விழும். ராத்திரி லாந்தரோட ரோந்து நடப்போம். கல்லு கிடந்துச்சுன்னா வண்டி வர்ற திசையில ஓடி, மீட்டர் கேஜுக்கு 400 மீட்டர்ல ஒரு வெடி, 800 மீட்டர்ல பத்துப் பத்து மீட்டர் தள்ளி மூணு வெடி கம்பி மேல வைக்கணும். டிரைவர் சத்தம் கேட்டு நிறுத்துவாரு. இருட்டுல, பாறைக்கு நடுவுல, ஓடுற அந்த 800 மீட்டர்தான் எங்க வேலையோட முழு அர்த்தமும்.

2010 டிசம்பர் 31ஓட மீட்டர் கேஜ் வண்டி நின்னுது. எங்களை வேற செக்‌ஷனுக்கு மாத்திட்டாங்க. நான் போடாத ஆணி இல்ல, தட்டாத கீ இல்ல அந்தப் பாதையில. பேக்கும்போது நான் அங்க இல்லாதது நல்லதுன்னு நினைக்கிறேன்.

போடி ஏலக்காய்க் கடை எழுதியது:

கீமேன் அண்ணன் எழுதியதை வீட்டில் சத்தமாகப் படித்தோம். நாங்கள் தலைமுறையாக ஏலக்காய் வியாபாரம். பாதை எதற்காக வந்தது என்பதை நான் சேர்க்கிறேன்.

1928க்கு முன்னால் மலைச் சரக்கு மாட்டு வண்டியில் அம்மையநாயக்கனூர் வரை போகும். இன்றைக்கு கொடைக்கானல் ரோடு என்கிற ஸ்டேஷன்தான் அது. மூணாறு தேயிலையும் இந்த வழியில்தான் வந்தது. அங்கே 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டு மாடு பூட்டி இழுத்தார்கள். 1908இல் அதை இரண்டடி அகலச் சின்ன ரயிலாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து ரோப் வேயில் தொங்கிக்கொண்டு கொட்டகுடி அடிவாரத்துக்கு இறங்கும், பிறகு வண்டி கட்டிப் போடி. 1924 பெருவெள்ளத்தில் அந்த மலை ரயில் ஒரேயடியாக அழிந்தது. நான்கு வருஷம் கழித்துத்தான் போடிக்கு ரயில் வந்தது! இரண்டும் ஒரே காலத்தில் ஓடியிருந்தால் மூணாறிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் வரை சரக்கின் கதையே வேறு.

போர்க்காலத்தில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு. பின்னால் அடுப்பு மாட்டிய கரி பஸ்தான் ஓடியது. கணவாய் ஏற்றத்தில் ஆட்கள் இறங்கித் தள்ளுவார்கள் என்று எங்க தாத்தா சொல்வார். போர் முடிந்ததும் லாரி வந்துவிட்டது. 1954இல் ரயில் திரும்பியபோது எங்கள் பேட்டை லாரிக்குப் பழகியிருந்தது. என் கருத்தில் இந்தப் பாதைக்கு உண்மையான அடி அதுதான். கம்பி திரும்பி வந்தது, சரக்கு பழைய அளவுக்குத் திரும்பவில்லை. அதற்குப் பிறகு இது ஆள் போகிற ரயில்: படிக்கிற பிள்ளைகள், மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பூக்கூடைக்காரர்கள்.

சக்கம்பட்டிப் பேத்தி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் எழுதியதை அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். "மதுரைப் பக்கமாத்தான் போச்சு, நான் சொன்னேன்ல" என்று அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அப்பா இப்போது நம்புகிறார். அகலப் பாதைக்கு ஏன் இவ்வளவு காலம் ஆனது என்று கேட்கச் சொன்னார்.

பழைய கீமேன் எழுதியது:

ரொம்ப சந்தோசம் தாயி. அப்பா கேட்டதுக்குப் பதில்: காசு வருஷா வருஷம் கொஞ்சங்கொஞ்சமாத்தான் ஒதுக்கினாங்க, அது முதல் காரணம். அடுத்தது கணவாய். மீட்டர் கேஜ்னா 1000 மில்லிமீட்டர், பிராட் கேஜ் 1676. கம்பி மட்டும் அகலமில்ல, பெட்டியும் அகலம், அதனால பழைய பாறை வெட்டு பத்தாது. அதை இன்னும் அகலமா உடைக்க வேண்டியிருந்துச்சு. உசிலம்பட்டி வரைக்கும் முடிஞ்சு, ஆண்டிபட்டி வந்து, 2022 மே மாசம் தேனி, 2023 ஜூன் 15 போடி. சென்னை வண்டியும் வாரம் மூணு நாள் வந்துருச்சு. 1942ல போனது வர ஏறக்குறைய பன்னெண்டு வருஷம், போடிக்காரங்களுக்கு இந்தத் தடவையும் அதே பன்னெண்டு வருஷம். கம்பம் பள்ளத்தாக்குச் சனங்க விடாம மனு கொடுத்தாங்க, போராடினாங்க, அதைச் சின்ன விஷயமா யாரும் நினைக்கக் கூடாது. இன்னும் திண்டுக்கல்–தேனி–லோயர் கேம்ப் பாதை கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்.

அப்பத்தாகிட்ட ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. கல்யாண சமயத்துல பாதை திரும்பப் போட்டப்ப சக்கம்பட்டியில இருந்து மண் வேலைக்கும் ஜல்லி வேலைக்கும் போன ஆம்பளை, பொம்பளை யார் யாரு, எந்தத் தெரு, என்ன கூலி. எங்க மேஸ்திரி போய்ச் சேந்துட்டாரு. ரயில்வே பேப்பர்ல தேதி இருக்கும், காண்ட்ராக்டர் பேரு இருக்கும், சுமந்தவங்க பேரு இருக்காது. அவங்க சொல்றதைப் போன்ல ரெக்கார்டு பண்ணி, எழுத்தாவும் எடுத்து வைங்க. நான் ஆண்டிபட்டிக்கு வரும்போது வந்து வாசிச்சுக்கிறேன்.