தோட்டத்திலிருந்து நேரடியாகக் காய்கறி எடுக்கும் உணவகக்காரர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். சிறிய உணவகம் ஒன்றில் கொள்முதல் என் பொறுப்பு. அந்தந்தப் பருவத்தில் விளைவதை அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலேயே எடுக்க ஆரம்பித்திருக்கிறோம். ருசியில் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. செடியிலேயே பழுத்த தக்காளியை நறுக்கினால் சமையலறை முழுக்க மணக்கிறது. 12 டிகிரிக்குக் கீழே வைத்தால் அந்த மணம் குறைந்துவிடும் என்பதால் வெளியே கூடையில்தான் வைக்கிறோம். கீரை நேரெதிர்: விடியற்காலையில் அறுத்து உடனே குளிர வைத்தால்தான் வாடாமல் நிற்கும்.

சிக்கல் அளவில்தான். ஒரு வாரம் கூடை கூடையாக வருகிறது. நல்ல மழை பெய்தால் அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை. மெனுவில் காயின் பெயரைப் போடாமல் ‘இன்றைய காய்கறி’ என்று எழுதுவது ஓரளவு கைகொடுக்கிறது.

விதைக்கும் முன்பே விவசாயியிடம் ‘இவ்வளவு எடுத்துக்கொள்கிறோம்’ என்று பேசி வைப்பவர்கள் இங்கே இருக்கிறீர்களா? விளைச்சல் குறைந்தால் நஷ்டம் யாருக்கு, கூடினால் மிச்சத்தை யார் எடுப்பது என்பதை எப்படி எழுதிக்கொள்கிறீர்கள்? முன்பணம் தருவதுண்டா? கோணல்மாணலான காயையும் சேர்த்தே எடுக்க நினைக்கிறேன், சூப்புக்கு வடிவம் தேவையில்லை. அதற்குத் தனி விலை பேசுவது சரியா? விவசாயிகள் யாராவது இருந்தால் உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லுங்கள், அதுதான் எனக்கு முக்கியம்.