பகலில் ஏறாதே

சீனாவின் ஷியான் நகரில் படிக்க வரும் ஒவ்வொரு பேட்சுக்கும் சீனியர்கள் மூன்று அறிவுரை சொல்வார்கள். ரைஸ் குக்கரை வார்டன் கண்ணில் படுகிற மாதிரி வைக்காதே. அக்டோபர் முதல் வாரம் எங்கேயும் கிளம்பாதே. ஹுவாஷான் மலையைப் பகலில் ஏறாதே. முதல் இரண்டுக்கும் காரணம் கேட்க வேண்டியதில்லை. மூன்றாவதற்குக் கேட்டேன். சீனியர் அண்ணன் ஒருவர் சிரித்துவிட்டு, "ஏறிட்டு வா, நீயே சொல்லுவ" என்றார்.

2018 அக்டோபர், எம்பிபிஎஸ் இரண்டாம் வருடம். தேசிய தின விடுமுறைக் கூட்டம் வடியட்டும் என்று காத்திருந்து, அடுத்த வெள்ளிக்கிழமை கிளம்பினோம். ஏழு பேர். கோவைக்காரனான நான், என் ரூம்மேட் ஈரோட்டுக்காரன், சேலத்துக்காரன் ஒருவன், மதுரைப் பெண், கொச்சிப் பெண், காட்மாண்டுவிலிருந்து வந்த இரண்டு பேர். இதில் மதுரைப் பெண்ணுக்கு உயரம் என்றால் ஆகாது. ஹாஸ்டல் நான்காவது மாடி பால்கனியில் துணி காயப்போடவே வேறு யாரையாவது அனுப்புவாள். "ராத்திரிதானே, ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிக் கூட்டிவந்தது நான்தான்.

ஹுவாஷான் ஷியானுக்குக் கிழக்கே சுமார் 120 கிலோமீட்டர். சீனர்கள் புனிதமாக நினைக்கும் ஐந்து மலைகளில் ஒன்று. முழுக்கக் கருங்கல். கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு, நடு என்று ஐந்து சிகரங்கள். தெற்குச் சிகரம்தான் உயரம், 2,154.9 மீட்டர். புல்லட் ரயிலில் போனால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால் மாதக் கடைசி போல இருந்த எங்கள் பர்ஸுக்கு, நின்று நின்று போகும் பழைய பச்சை ரயில்தான் கட்டுப்படியானது. ஹார்ட் சீட். பெயருக்கு ஏற்ற சீட்.

கட்டுச்சோறு இல்லாமல் மலை ஏறுவதா? ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சல் பாட்டிலில் அடியில் நாலு விரல் அளவு மிச்சம் இருந்தது. தீபாவளிக்கு என்று எடுத்துவைத்தது. அதையும் வழித்து, திருட்டுக் குக்கரில் இரண்டு தடவை சாதம் வைத்துக் கிளறி எடுத்துக்கொண்டோம்.

இரவு பத்தரைக்கு அடிவாரத்துக் கோயிலைத் தாண்டி நடக்க ஆரம்பித்தோம். வாசலில் ஒரு பாட்டி வெள்ளை நூல் கையுறை விற்றுக்கொண்டிருந்தார். கட்டடத் தொழிலாளிகள் போடுகிற மாதிரி, ரொம்ப மலிவு. வேண்டாம் என்றேன். நான் அப்பாவோடு வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியவன். மூங்கில் தடியோடு ராத்திரி ராத்திரியாக ஏறிய கால் இது என்ற திமிர். பாட்டி என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, ஏதோ சொல்லி உதட்டைப் பிதுக்கினார். கொச்சிப் பெண் எல்லோருக்குமாக ஏழு ஜோடி வாங்கினாள். அதற்காக அவளுக்கு இன்றைக்கும் நன்றி.

முதல் இரண்டு மணி நேரம் ஓடைக் கரையோரம் சரிவான பாதை. பேச்சும் பாட்டுமாகப் போனோம். எங்களைப் போலவே நூற்றுக்கணக்கான சீன மாணவர்கள் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு ஏறினார்கள். யாராவது மூச்சு வாங்கி உட்கார்ந்தால், கடந்து போகிறவர்கள் "ஜியாயோ" என்று கத்துவார்கள். எண்ணெய் ஊற்று என்று அர்த்தம். விடாதே, போ என்பதை அப்படித்தான் சொல்வார்கள். இந்தியர்கள் என்று தெரிந்ததும் எங்களுக்கு எண்ணெய் கொஞ்சம் தாராளமாகவே கிடைத்தது.

அப்புறம் ஒரு பாறை வருகிறது. ஹுய்சின்ஷி, அதாவது மனம் திரும்பும் கல். 'வேண்டாமப்பா' என்று தோன்றினால் திரும்பிவிடக் கடைசி இடம் அது. அதற்கு மேல்தான் சியென்ச்சிச்சுவாங். பேரிலேயே ஆயிரம் அடி இருக்கிறது. மலையைக் கத்தியால் கீறின மாதிரி ஓர் இடுக்கு. அதற்குள் 370-க்கும் மேல் படிகள். படி என்று சொல்வதே மரியாதைக்குத்தான். ஏணியைக் கல்லில் செதுக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. பாதத்தில் பாதிதான் படியில் நிற்கும், குதிகால் காற்றில். இரண்டு பக்கமும் இரும்புச் சங்கிலி. அக்டோபர் நள்ளிரவில் அந்த இரும்பைத் தொட்டதும்தான் பாட்டி ஏன் உதட்டைப் பிதுக்கினார் என்று புரிந்தது.

டார்ச் வெளிச்சம் மூன்று படிக்கு மேல் எட்டவில்லை. அமாவாசை கழிந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. இருந்த துண்டு நிலாவும் எப்போதோ இறங்கிவிட்டது. என் மூக்குக்கு நேரே சேலத்துக்காரனின் ஷூ. இடது ஷூவில் லேஸ் முனை பிய்ந்து தொங்கியது. அது அசைந்தால் நான் ஒரு படி ஏறுவேன். நடுவில் மேலே எங்கோ அடைத்துக்கொண்டு வரிசை அப்படியே நின்றது. பத்து நிமிஷமா, பதினைந்தா தெரியாது. கெண்டைக்கால் நடுங்க ஆரம்பித்தது. கீழே திரும்பிப் பார்த்தேன். கிணற்றில் மின்மினி விழுந்த மாதிரி வெளிச்சப் புள்ளிகள். எவ்வளவு ஆழம் என்று ஒன்றும் பிடிபடவில்லை. எனக்குக் கீழே நின்ற மதுரைப் பெண், "சுருளி அருவிப் படி மாதிரிதான் இருக்கு" என்றாள். நான் பதிலே பேசவில்லை. இடுக்கின் மேல் முனை கிணற்று வாய் போல ஓர் ஆள் நுழையும் ஓட்டை. முன்பெல்லாம் அதை இரும்பு மூடி போட்டு அடைத்துவிட்டால் மலைக்கே வழி கிடையாதாம். ஹுவாஷானுக்கு ஒரே பாதை என்று சீனத்தில் பழமொழி இருப்பது சும்மா இல்லை.

வடக்குச் சிகரத்தில் இரண்டு மணி. கப் நூடுல்ஸ் விலை கீழே இருப்பதைப் போலப் பல மடங்கு. கோபம் வந்தது. அந்த நேரத்தில் எங்களைக் கடந்து, மூங்கில் கம்பின் இரு முனையிலும் தண்ணீர் பாட்டில் பெட்டிகளைக் கட்டித் தோளில் சுமந்தபடி ஒருவர் படி ஏறிப் போனார். அம்பது வயது இருக்கும். கோபம் அடங்கி, காசைக் கொடுத்தோம்.

அடுத்தது சாங்லோங் லிங், டிராகன் முதுகு. மலை முகட்டின் மேலேயே படி. இரண்டு பக்கமும் சங்கிலி, சங்கிலிக்கு அப்பால் காற்று. தாங் வம்ச காலத்துப் பெரிய எழுத்தாளர் ஹான் யூ இங்கே வந்து, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் அழுது, கடிதம் எழுதிக் கீழே வீசினார் என்று ஒரு கதை. அவர் வீசிய இடம் என்று பாறையில் வெட்டியே வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து இருநூறு வருஷமாக ஒரு மனிதனின் பயத்தைப் போர்டு போட்டு மாட்டியிருக்கிறார்கள் பாருங்கள். எங்களுக்கோ அங்கே பயமே வரவில்லை. காது பிய்கிற காற்று ஒன்றுதான் தொந்தரவு.

அது தாண்டி, ஆயிரக்கணக்கான பூட்டுகளும் சிவப்பு ரிப்பனும் தொங்கும் ஜின்சுவோகுவான் வாசலில் தலையை எண்ணினேன். ஆறு. மறுபடி எண்ணினேன். ஆறுதான். ஈரோட்டுக்காரன் இல்லை.

போன் அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். அந்தக் குளிரில் எல்லோர் பேட்டரியும் சடசடவென்று இறங்கிக்கொண்டிருந்தது. "முன்னாடி போயிருப்பான்" என்றான் சேலத்துக்காரன். பின்னாலும் இருக்கலாமே. அரை மணி நேரம் நின்றோம். சீனாக்காரர்களிடம் கேட்டால் "எந்த இந்தியன்?" என்கிறார்கள். வேறு இந்தியனே அங்கே கிடையாது. கடைசியில் காட்மாண்டுக்காரர்கள் சொன்னது: "எல்லோரும் போகிற இடம் கிழக்குச் சிகரம்தான். அங்கேதான் வருவான்." எனக்கு டிராகன் முதுகின் சங்கிலி கண் முன்னால் ஆடியது. அவன் அம்மா என்னை நம்பி விட்ட பிள்ளை.

கிழக்குச் சிகரத்தில் நாலரைக்கு இடம் பிடித்தோம். பட்டாளத்துப் பச்சைக் கோட்டு வாடகைக்குத் தருகிறார்கள். தலையணை கனம், யாரோ ஒருவரின் சிகரெட் வாசனையோடு. ஆளுக்கொன்று போர்த்திக்கொண்டு பாறையில் ஒண்டிக்கொண்டோம். புளிச்சோறு கெட்டியாக உறைந்திருந்தது. பக்கத்தில் இருந்த மாணவன் எட்டிப் பார்க்க, ஒரு கரண்டி கொடுத்தேன். முகம் சுருங்கி, "சுவான்!" என்றான். புளிப்பு. ஆனாலும் டப்பாவை நீட்டி இன்னொரு கரண்டி கேட்டான். பதிலுக்குப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது ஊறுகாய் மிளகாயில் போட்ட கோழிக்கால், விரலும் நகமுமாக. சைவமான சேலத்துக்காரன் கோட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டான். கொச்சிப் பெண் இரண்டு தின்றாள்.

சீனா முழுவதற்கும் பெய்ஜிங் நேரம்தான் என்பதால் விடிய ஆறரை ஆகிவிட்டது. சூரியன் வந்தது, எல்லோரும் கத்தினார்கள், போன்கள் உயர்ந்தன. உண்மையைச் சொன்னால் நான் சரியாகப் பார்க்கவில்லை. கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஏழு மணிக்கு என் போனில் புது நம்பர். ஒரு முதியவர் குரல், வேகமான சீனம். பின்னாலேயே, "டேய், எங்கடா இருக்கீங்க? நான் மட்டும் தனியா நிக்கிறேன்!" பையன் மேற்குச் சிகரத்தில் இருந்தான்.

நடந்தது இதுதான். சீன மொழி வகுப்பில் அவன் கடைசி பெஞ்சு, அதுவும் வந்தால். அவனுக்குத் தெரிந்த பத்து வார்த்தையில் ஒன்று 'தோங்ஷி'. கடையில் எதைக் காட்டினாலும் 'இந்தப் பொருள்' என்று சொல்ல அது போதும். அந்தச் சொல்லில் தோங் என்பது கிழக்கு, ஷி என்பது மேற்கு. இரண்டும் சேர்ந்தால் பொருள். நாங்கள் போகும் சிகரம் அந்த வார்த்தையில் பாதி என்பது வரை அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. எந்தப் பாதி என்பதுதான் மறந்துவிட்டது. டிராகன் முதுகில் எங்களை முந்திப் போனவன், வாசலில் ஒருவரிடம் "ஷி ஃபெங்?" என்று கேட்க, அவரும் அன்பாக மேற்குச் சிகரத்துக்குக் கை காட்டி அனுப்பிவிட்டார். அங்கே தனியாக நடுங்கிக்கொண்டு நின்றவனுக்குத் தன் கோட்டைப் பாதி போர்த்தி, ஃபிளாஸ்கில் இருந்த வெந்நீரைக் கொடுத்து, விடிந்ததும் போனையும் கொடுத்தவர்தான் அந்தத் தாத்தா. ஓய்வு பெற்றவர், தனியாக மலை ஏறுகிறவர். என் நம்பர் அவனுக்கு மனப்பாடமாக இருந்தது எனக்கே ஆச்சரியம்.

அவனைப் பிடிக்கத் திரும்ப ஜின்சுவோகுவானுக்கு இறங்கினோம். அங்கேதான் அண்ணன் சிரித்த சிரிப்புக்கு அர்த்தம் கிடைத்தது. ராத்திரி ஏறி வந்த டிராகன் முதுகு வெயிலில் கிடந்தது. அகலம் இரண்டு ஆள். மேலே ஊர்கிறவர்கள் எறும்பு. இரண்டு பக்கமும் வழவழவென்று வெள்ளைப் பாறை, கண்ணுக்கு எட்டுகிற வரை கீழே, கீழே, கீழே. அதில் ஒரு மரம்கூடப் பிடிப்புக்கு இல்லை. இதன் மேலேயா கொச்சிப் பெண் செல்ஃபி எடுக்கத் திரும்பி நின்றாள்? வெள்ளியங்கிரி ஏறிய என் முழங்கால் கழன்றது போல் ஆனது. மதுரைப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் அந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னியே" என்றாள். பொய் சொல்லவில்லையே நான்.

இறங்குவதற்கும் அதே வழி என்பதுதான் எங்கள் திட்டம். ஈரோட்டுக்காரன் மேற்கில் தொலைந்ததால் அது மாறியது. மேற்குச் சிகரத்தில் 2013-லிருந்து ரோப் கார் இருக்கிறது. ஆளுக்கு 140 யுவான். அந்த மாத மெஸ் காசு. யாரும் வாய் திறக்காமல் கட்டினோம். காட்மாண்டுக்காரர்கள் மட்டும் தெற்குச் சிகரம் போய், செங்குத்துப் பாறையில் அடித்த பலகைப் பாதையில் இடுப்பில் பெல்ட் மாட்டி நடந்துவிட்டு மத்தியானம் வந்தார்கள். போன வழியேதான் திரும்ப வேண்டுமாம். எதிரே வருகிறவர் நம் முதுகைச் சுற்றிக் கடந்து போவாராம். கேட்டதே எனக்குப் போதும்.

ரோப் காரில் மதுரைப் பெண் பட்டாளக் கோட்டு இல்லாத குறைக்கு என் ஜாக்கெட்டைத் தலையில் போட்டுக்கொண்டு கந்த சஷ்டி கவசம் சொன்னாள். எதிர் சீட்டில் இருந்த தாத்தா அது என்ன பாட்டு என்று கேட்டார். மலைமேல் இருக்கும் கடவுள் பாட்டு என்று நான் எனக்குத் தெரிந்த சீனத்தில் சொன்னேன். பொருத்தம்தான் என்பது போலத் தலையாட்டினார்.

தாத்தாவும் ஈரோட்டுக்காரனும் அன்றைக்கே வீச்சாட்டில், அதாவது சீனர்களின் வாட்ஸ்அப்பில், நண்பர்கள். படிப்பு முடித்து ஊருக்கு வந்த பிறகும் அவனுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு மலைப் படம் வரும். கூடவே ஒரே கேள்வி: "இதில் தோங் எந்தப் பக்கம்?" பாதி நாள் அவன் எனக்கு அனுப்பிக் கேட்டுவிட்டுத்தான் பதில் போடுகிறான்.