ஸ்பேனர் விளக்கு அணையவே இல்லை, ஆனால் ஆயில் மாற்றி 4 மாதம்தான் ஆகிறதாம். ஓட்டலாமா?

புதுஸ்டியரிங்:
வணக்கம். போன மாதம் செகண்ட் ஹேண்டில் ஒரு பெட்ரோல் கார் வாங்கினேன், இதுதான் என் முதல் கார். பத்து நாளாகச் சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு சின்ன ஸ்பேனர் படம் வந்து, சில நொடிகள் மின்னிவிட்டு அணைந்துகொண்டிருந்தது. நேற்றிலிருந்து அணையாமல் அப்படியே நிற்கிறது. ஓட்டத்தில் எந்த வித்தியாசமும் இல்லை, புதுச் சத்தமும் இல்லை, சூடும் ஏறவில்லை. 4 மாதத்துக்கு முன்னால்தான் ஆயில் மாற்றியதாக விற்றவர் சொன்னார், ஆனால் பில் எதுவும் தரவில்லை. கூட வேலை பார்ப்பவர் "அது வெறும் ஞாபகப்படுத்தும் விளக்கு, ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் போய்விடும்" என்கிறார். அப்பாவோ விளக்கு எரிந்தால் வண்டியையே எடுக்கக் கூடாது என்கிறார். அடுத்த வாரம் 600 கி.மீ. பயணம் இருக்கிறது. யார் சொல்வது சரி?

பழையபிஸ்டன்:
அப்பா சொல்வது வேறு விளக்குக்குப் பொருந்தும். சிவப்பில் எண்ணெய்க் கிண்ணம் போல ஒன்று, மூக்கில் ஒரு சொட்டு தொங்கும், அது ஓடும்போது எரிந்தால் ஆயில் பிரஷர் இல்லை என்று அர்த்தம். உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும், அடுத்த வளைவு வரைக்கும்கூடப் போகக் கூடாது. மஞ்சளில் இன்ஜின் படம் வந்தால் ஏதோ ஒரு பழுதைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துக் குறித்து வைத்திருக்கிறது, அதை ஸ்கேனர் போட்டுத்தான் படிக்க வேண்டும். அதே இன்ஜின் படம் மின்னி மின்னி எரிந்தால் பெட்ரோல் சரியாக எரியாமல் சைலன்சர் பக்கம் போகிறது, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையே கெடுத்துவிடும்.

உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலான கார்களில் சர்வீஸ் நேரத்தை மட்டும் சொல்வது. பெரும்பாலான என்று சொல்வதற்குக் காரணம், சில கம்பெனிகள் இதே ஸ்பேனரைக் கோளாறு எச்சரிக்கைக்கும் வைத்திருக்கின்றன. அதனால் முதலில் கையேட்டில் விளக்குகள் பக்கத்தைப் பாருங்கள். புத்தகம் இல்லாவிட்டால் கம்பெனி இணையதளத்தில் மாடல், வருடம் கொடுத்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

ஐந்தாவதுகியர்:
கூட வேலை பார்ப்பவர் சொல்வதில் பாதிதான் சரி. பட்டனை அழுத்தினால் விளக்கு போகும், ஆயில் புதுசாகாது.

இந்த விளக்கு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் உங்கள் குழப்பம் தீரும். பல கார்களில் அது வெறும் கணக்குதான். சில டொயோட்டா மாடல்களில் கடைசியாக ரீசெட் செய்ததிலிருந்து சுமார் 7,200 கி.மீ. ஆனதும் மின்னத் தொடங்கும், 8,000 ஆனதும் நிரந்தரமாக எரியும். நீங்கள் சொன்னதும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. வேறு சில கார்களில் இன்ஜின் எத்தனை சுற்று சுற்றியது, எவ்வளவு சூட்டில் ஓடியது என்பதை வைத்து ஆயிலின் ஆயுளைச் சதவீதமாகக் கணிக்கிறார்கள். ஹோண்டாவில் 15 சதவீதம் வந்ததும் முதல் தடவை சொல்லும், கூடவே ஏ, பி என்று எழுத்தும் எண்ணும் காட்டும். ஏ என்றால் ஆயில், பக்கத்தில் 1 இருந்தால் டயர்களை இடம் மாற்றிப் போடுவது, இப்படி. ஆனால் இந்த இரண்டு வகையும் உள்ளே இருக்கும் ஆயிலை நேரில் பார்ப்பதில்லை. நீங்கள் நேற்று புது ஆயில் ஊற்றிவிட்டு ரீசெட் செய்யாவிட்டால் இன்றும் எரியும். ஆயிலே மாற்றாமல் ரீசெட் செய்தால் பல மாதம் வாயைத் திறக்காது.

எனக்கு இரண்டாவது நடந்திருக்கிறது. வேறொரு பழுதுக்காக ஒரு பட்டறையில் விட்டிருந்தேன், விளக்கு எரிவதைப் பார்த்து அவர்களே அணைத்துக் கொடுத்துவிட்டார்கள். ஆயிலும் மாற்றிவிட்டார்கள் என்று நம்பி மாதக்கணக்கில் ஓட்டி, கடைசியில் டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பார்க்கும் குச்சியை, உருவினால் நுனியில் கூட ஆயில் ஒட்டவில்லை. அன்றைக்கு வயிற்றைக் கலக்கியது இன்னும் மறக்கவில்லை. அதிலிருந்து ஆயில் மாற்றும்போது ஓடோமீட்டர் எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன்.

உங்கள் விஷயத்தில் விற்றவர் ஆயிலை மாற்றி ரீசெட் செய்ய மறந்திருக்கலாம், மாற்றாமலே இருந்திருக்கலாம். பில் இல்லாததால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு முன்னால் ஆயில், ஆயில் ஃபில்டர் இரண்டையும் மாற்றிவிட்டு, அதற்கு அப்புறம் ரீசெட் செய்யுங்கள்.

நெடுஞ்சாலை_88:
4 மாதத்துக்கே ஆயில் மாற்றுவது வீண் செலவு என்று நினைக்கிறேன். இப்போதைய சிந்தடிக் ஆயில் 10,000 கி.மீ. தாராளமாகத் தாங்கும், நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

பழையபிஸ்டன்:
நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டிக்கு நீங்கள் சொல்வது சரி. தினமும் மூன்று நான்கு கி.மீ. போய் நிறுத்துகிற வண்டியில் ஆயில் முழுதாகச் சூடாவதே இல்லை, அதில் கலக்கும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் உள்ளேயே தங்கும். தூசியான ரோடு, நெரிசலில் நின்று நின்று போவது, பாரம் இழுப்பது, இதற்கெல்லாம் கையேட்டில் கடின உபயோகம் என்று தனி அட்டவணையே இருக்கும், அதில் இடைவெளி குறைவு. இந்தக் கார் முன்பு எப்படி ஓடியது என்று யாருக்கும் தெரியாதே.

புதுஸ்டியரிங், முதலில் டிப்ஸ்டிக் பாருங்கள். சமமான இடத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து ஐந்து பத்து நிமிடம் விட்டு, உருவித் துடைத்து, முழுதாகச் செருகி மறுபடி எடுத்தால் இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஆயில் தெரிய வேண்டும்.

புதுஸ்டியரிங்:
பார்த்தேன். கீழ்க்கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது, நல்ல கருப்பு. பயமாக இருக்கிறது. கையேட்டில் ஸ்பேனர் என்றால் சர்வீஸ் நினைவூட்டல் என்றுதான் போட்டிருக்கிறது. ஆயில் கிரேடு 0டபிள்யூ-20 என்று இருக்கிறது.

ஐந்தாவதுகியர்:
கருப்புக்காகப் பயப்பட வேண்டாம், அழுக்கைத் தன்னில் இழுத்து வைத்துக்கொள்வதுதான் ஆயிலின் வேலை. பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால்தான் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். அளவு குறைந்ததுதான் முக்கியம். பட்டறை வரை ஓட்டுவதற்கு முன் அதே கிரேடு ஆயிலை அரை லிட்டருக்கு மேல் போகாமல் ஊற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டக் கூடாது, அதிகமானாலும் இன்ஜினுக்குள் சுற்றும் கிராங்க் ஷாஃப்ட் அடித்து நுரையாக்கிவிடும். கீழே ஒழுகல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பட்டறையில் பிரேக் ஆயிலையும் கேளுங்கள், இதை எல்லோரும் மறக்கிறார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும், ஈரம் ஏறியதற்கான தர அளவு 155தான். மலை இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது இந்த வித்தியாசம் காலில் தெரியும். பல கம்பெனிகள் 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன, ஸ்பேனர் விளக்கு இதைச் சொல்லாமலே போகலாம். கூலண்ட், ஏர் ஃபில்டர், டயர் காற்று, ஸ்டெப்னி எல்லாம் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

புதுஸ்டியரிங்:
ரொம்ப நன்றி. அரை லிட்டர் ஊற்றியதில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்தது. இன்று பட்டறையில் ஆயில், ஃபில்டர், பிரேக் ஆயில் மூன்றும் மாற்றியாயிற்று, ஒழுகல் இல்லை. பழைய ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார்கள், மேலே தேதி எழுதியிருந்தது, ஒன்றரை வருடத்துக்கு முந்தையது. விளக்கை என் கண் முன்னால்தான் ரீசெட் செய்தார்கள். ஓடோமீட்டர் 61,240, நோட்டில் எழுதிவிட்டேன்.

பழையபிஸ்டன்:
நல்லது. கீழ்க்கோடு வரை எப்படிக் குறைந்தது என்று இன்னும் தெரியவில்லை, இன்ஜின் ஆயிலைக் குடிக்கிற வண்டியாகவும் இருக்கலாம். பயணத்தில் 300 கி.மீ. ஆனதும் ஒருமுறை டிப்ஸ்டிக் பாருங்கள், திரும்பி வந்ததும் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று இங்கே எழுதுங்கள்.