புல்வெளிக்கு ஆகும் தண்ணீர்ச் செலவைக் குறைக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். வீட்டுப் புல்வெளிக்குத் தண்ணீர் விட்டே மாதக் கட்டணம் எகிறுகிறது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் நீர் என்றால் 1 லிட்டர். வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் என்று வைத்தாலே 100 சதுர மீட்டருக்கு 2,500 லிட்டர்!

விடியற்காலையில்தான் பாய்ச்சுகிறோம், புல்லையும் ஒட்ட வெட்டுவதில்லை. ஸ்பிரிங்க்ளர் போடும்போது அங்கங்கே காலி டப்பாக்களை வைத்து அளந்தோம். சுவரோர டப்பா நிரம்பி வழிகிறது, நடுவில் வைத்ததில் அடி நனைந்ததோடு சரி. நாசிலை மாற்றினால் போதுமா, இல்லை குழாய் அழுத்தத்தையும் பார்க்க வேண்டுமா?

அப்புறம், துணி துவைத்த தண்ணீரை விடலாமா? சோப்பின் உப்பு மண்ணில் தங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், புல்லைக் காயவிட மனசு வரவில்லை.