ஆர்க்பார்ஸ்: எரர் காட்டாமல் கவிழ்க்கும் இடங்கள்

கட்டளை வரியில் தரும் ஆப்ஷன்களைப் படித்துக் கொடுக்கும் பைதான் நூலகம் ஆர்க்பார்ஸ். அதில் பெரும்பாலானோர் விழும் குழி, டைப்=பூல் (ட்ரூ/ஃபால்ஸ் வகை). --டெலீட் என்ற ஆப்ஷனுக்கு அப்படி எழுதிவிட்டு, ஓட்டும்போது '--டெலீட் ஃபால்ஸ்' என்று கொடுத்துப் பாருங்கள். உள்ளே வந்து சேர்வது ட்ரூ; ஃபைல்கள் போய்விடும். டைப் என்பது வெறும் ஒரு ஃபங்ஷன். ஷெல் (நாம் கட்டளை அடிக்கும் இடம்) தரும் சரத்தை அதற்குள் போட்டு எடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. 'ஃபால்ஸ்' என்பது காலியில்லாத சரம், காலியில்லாத எந்தச் சரமும் பூலுக்கு ட்ரூதான். வார்னிங்கூட வராது என்பதுதான் இதில் கொடுமை. ஆக்‌ஷன்=ஸ்டோர்_ட்ரூ போட்டால் தீர்ந்தது: ஆப்ஷனைக் கொடுத்தால் ட்ரூ, இல்லையேல் ஃபால்ஸ். ஆன், ஆஃப் இரண்டும் வேண்டுமானால் பைதான் 3.9 முதல் பூலியன்ஆப்ஷனல்ஆக்‌ஷன் இருக்கிறது. --நோ-டெலீட் தானாகவே கிடைக்கும்.

* * *

அதே ரகத்தில் இன்னொன்று: ஆக்‌ஷன்=அப்பெண்ட் போட்டு, டீஃபால்ட்டாக ஒரு லிஸ்ட்டும் கொடுப்பது. பயனர் தரும் மதிப்பு டீஃபால்ட்டை நீக்காது, அதன் பின்னால் போய்ச் சேரும். டீஃபால்ட்டை நன் (None, மதிப்பில்லை) என்று விட்டு, பார்ஸ் முடிந்த பிறகு நிரப்புங்கள்.

* * *

சுருக்கப் பெயர்களையும் கவனிக்க வேண்டும். --அவுட்புட் என்ற ஆப்ஷன் இருந்தால் '--அவுட்' என்று அடித்தாலும் ஆர்க்பார்ஸ் ஏற்றுக்கொள்ளும். யாரோ அதை கிரான் வரியில் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளை) அப்படியே எழுதி வைத்திருப்பார்கள். அடுத்த வெளியீட்டில் --அவுட்புட்-டிர் சேர்த்ததும் எதைச் சொல்கிறீர்கள் என்று குழம்பி, எக்ஸிட் கோடு 2-உடன் நின்றுவிடும். அதுவாவது பரவாயில்லை. பழைய --அவுட்புட்டை நீக்கிவிட்டால் '--அவுட்' சத்தமில்லாமல் புதியதற்குப் போய்விடும்!

இந்தச் சுருக்கத்தைத் தடுக்க பைதான் 3.5 முதல் அலவ்_அப்ரெவ்=ஃபால்ஸ் உண்டு. புது ஸ்கிரிப்ட் எதுவானாலும் பார்சரை (ஆப்ஷன்களைப் படிக்கும் பொருள்) உருவாக்கும் வரியிலேயே இதைப் போடுவது நல்லது. சப்பார்சர்களுக்கு (துணைக் கட்டளைகளுக்கான பார்சர்கள்) இது தானாக இறங்காது, ஒவ்வொன்றிலும் தனியாகத் தர வேண்டும். 3.8-க்கு முந்தைய பைதானில் இதைப் போட்டால் '-விவி' மாதிரிச் சேர்த்தெழுதும் குறுங்கொடிகளும் வேலை செய்யாது.

* * *

ஹைஃபனில் தொடங்கும் மதிப்பு: '--பேட்டர்ன் -ஃபூ' என்றால் ஒரு ஆர்க்யூமென்ட் குறைகிறது என்று எரர் வரும். மேற்கோள் குறி போட்டும் பயனில்லை, அதை ஷெல்லே உரித்துவிட்டுத்தான் அனுப்புகிறது. இடைவெளி இல்லாமல் '--பேட்டர்ன்=-ஃபூ' என்று ஒட்டி எழுதுங்கள். -5 போன்ற எதிர்ம எண் மட்டும் விதிவிலக்கு. பார்சரில் -1 மாதிரி எண் வடிவ ஆப்ஷன் எதுவும் இல்லாதவரை அது மதிப்பாகவே போகும்.

* * *

ஹெல்ப் வரியில் சதவீதக் குறி வந்தால் '%%' என்று இரண்டாக எழுதுங்கள்.

இவ்வளவையும் கையால் ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. பார்ஸ்_ஆர்க்ஸ் நேரடியாக ஒரு லிஸ்ட்டையே வாங்கிக்கொள்ளும். பார்சரைத் தனி ஃபங்ஷனில் கட்டி, டெஸ்ட்டில் அந்த லிஸ்ட்டைக் கொடுத்து வெளிவரும் மதிப்பைச் சரிபாருங்கள். தவறான உள்ளீட்டுக்கு சிஸ்டம்எக்ஸிட் வருகிறதா, அதன் கோடு 2-தானா என்பதையும் அதே டெஸ்ட்டில் பிடித்துவிடலாம்.