மார்க்கெற்றிங் கொலற்றரல்: பிணையா, பிரசுரமா?

கேள்வி (உப்புவெளி விடுதி)
வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் ஆறு அறையுள்ள சின்ன விடுதி எங்களுடையது. வெளிநாட்டுப் பயண முகவர் ஒருவர் ‘மார்க்கெற்றிங் கொலற்றரல் அனுப்புங்கள்’ என்று மின்னஞ்சல் போட்டிருக்கிறார். வங்கியில் கடனுக்குக் கேட்பதும் கொலற்றரல்தானே? காணி உறுதியின் பிரதியையா கேட்கிறார்?

பதில் (மொழிபெயர்ப்பாளர்)
உறுதியை அனுப்பிவிடாதீர்கள். அவர் கேட்பது உங்கள் விளம்பரப் பிரசுரங்களை. இலத்தீனில் ‘லாட்டுஸ்’ என்றால் விலா, பக்கம். பக்கத்தில் நிற்பது கொலற்றரல். கடன் வாங்குபவரின் வாக்குக்குப் பக்கத்தில் நிற்பது பிணை; விற்பவரின் பேச்சுக்குப் பக்கத்தில் நிற்பவை புரோஷர், லீஃப்லெட், அறைப் படங்கள். முன்னால் ‘மார்க்கெற்றிங்’ அல்லது ‘சேல்ஸ்’ வந்தால் பிரசுரம். கடன் பத்திரத்தில் வந்தால் பிணை.

பதில் எழுதும்போது ‘கொலற்றரல்ஸ்’ என்று போடாதீர்கள். இந்தப் பொருளில் அது மணல், தண்ணீர் போல எண்ணாத சொல். தமிழில் நான் ‘விற்பனைத் துணைப் பிரசுரங்கள்’ என்பேன். பக்கத்தில் நிற்கும் பொருள் ‘துணை’யில் அப்படியே வந்துவிடுகிறது. வெறும் ‘துண்டுப்பிரசுரம்’ போதாது, அது ஒற்றைத் தாளை மட்டும்தான் குறிக்கும்.

பதில் (அச்சகம்)
முகவருக்கு பிடிஎப் போதும். இரண்டு பக்கத்தில் அறை எண்ணிக்கை, கட்டில் வகை, ஏசி உண்டா, கடற்கரை எத்தனை மீற்றர், நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு, கன்னியா வெந்நீரூற்று, கோணேசர் கோயில் எல்லாம் வரட்டும். விலையை அதில் போடவே வேண்டாம். மே தொடங்கி செப்டெம்பர் வரையான சீசனுக்கு ஒரு விலை, மற்ற மாதங்களுக்கு வேறு விலை. மாறும் ஒவ்வொரு தடவையும் முழுப் பிரசுரமும் வீணாகும். முகவருக்கான கழிவு விலை விருந்தாளி கண்ணில் படவும் கூடாது. விலைப்பட்டியல் தனித் தாளாக, எந்தத் திகதிவரை செல்லும் என்ற குறிப்போடு இருக்கட்டும்.

கேள்வி (உப்புவெளி விடுதி)
மிக்க நன்றி. வரவேற்பு மேசையில் வைக்க மூன்றாக மடிக்கும் ஏ4 தாளும் அடிக்கலாமா?

பதில் (அச்சகம்)
தாராளமாக. ஆனால் 297 மில்லிமீற்றரை மூன்று 99 ஆகப் பிரிக்காதீர்கள். உள்ளே மடியும் பக்கம் 97, மற்ற இரண்டும் 100. சமமாக விட்டால் உள்பக்கம் முட்டி, தாள் உப்பிக்கொண்டு நிற்கும். பின்னணி நிறத்தையும் படத்தையும் நாலு ஓரமும் 3 மில்லிமீற்றர் கூடுதலாக விடுங்கள், வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியாது. படங்கள் அச்சாகும் அளவில் 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி. வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கிப்போயிருக்கும், மூலப் படத்தையே தாருங்கள். தாள் 150 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 150 கிராம்) ஆர்ட் பேப்பர், வழவழப்பான தாள். 200க்கு மேல் போனால் மடிப்புக்கு முன் கோடு அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பில் மை வெடிக்கும்.

தமிழ் எழுத்து பாமினியில், அதாவது யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் இருந்தால், அனுப்பும் முன் அவுட்லைனாக (எழுத்தை வரைந்த வடிவமாக) மாற்றுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ‘அம்மா’ இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியும்தான் நிற்கும். யூனிகோடு என்றால் ‘கெ’, ‘கொ’ வரும் இடங்களைக் கண்ணால் பாருங்கள். சில வடிவமைப்பு மென்பொருள்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழும்.